பேசினவர்கள் பட்டியல்

ஏழாம் வகுப்பின் சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும். வடமாலபேட்டையில் ஷேர் ஆட்டோ ஏறி வருகிற யாராவது பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்டால், சத்தம் வருகிற பக்கமாகப் போகச் சொன்னால் போதும். இப்படிச் சொல்லிச் சிரித்தவர் தலைமை ஆசிரியர் சுரேஷ்பாபு. ஆசிரியர்கள் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது தெலுங்கில் சொன்னார். சொல்லிவிட்டு இங்கிலீஷ் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"ஏமண்டி கேசியா மேடம், அது கிளாஸா, புத்தூர் பஸ் ஸ்டாண்டா?"

கேசியாவும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் பேச்சு இன்னும் நீளும் என்று அவளுக்குத் தெரியும்.

ஜூனில் பெய்த முதல் மழையிலேயே பி பிரிவின் கூரை ஒழுக ஆரம்பித்தது. இரண்டு பிரிவையும் ஒரே அறையில் போட்டார்கள். ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள், இருபது பெஞ்சு, இரண்டு ஃபேன். அதில் ஒன்று சுற்றும்போது யாரோ தகரத்தைத் தட்டுவதுபோல் இருக்கும். அதை நிறுத்தினால் வெயில் தாங்காது. ஓடவிட்டால் அதற்கு மேலே குரலை உயர்த்த வேண்டும். கேசியா உயர்த்தினால் பிள்ளைகளும் உயர்த்துவார்கள். ஆகஸ்டுக்குள் அவள் தொண்டை கட்டிப்போய், பையில் வெந்நீர் ஃபிளாஸ்க் இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை என்றாகிவிட்டது.

திருப்பதியில் மூன்று நாள் பயிற்சி வகுப்புக்கும் போய்வந்தாள். பிள்ளைகள் பேசினால் கத்தக் கூடாது, கையை உயர்த்திக் காட்ட வேண்டும். அல்லது ஒரு தாளத்தில் கைதட்ட வேண்டும். அல்லது ஐந்திலிருந்து ஒன்றுக்கு எண்ண வேண்டும். எதுவும் பலிக்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும், நம்முடைய மௌனம் அவர்களை மௌனமாக்கும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். இருபத்தைந்து ஆசிரியர்கள் பிள்ளைகளாக நடித்த அந்த ஏசி ஹாலில் எல்லாமே பலித்தது. இங்கே அவள் கைதட்டினால் பிள்ளைகள் சந்தோஷமாகத் திருப்பித் தட்டினார்கள். அந்தத் தட்டலை நிறுத்தவே ஐந்து நிமிஷம் ஆனது. ஒருநாள் வாயை மூடிக்கொண்டு நின்று பார்த்தாள். மணி அடிக்கும் வரை நின்றாள்.

"எங்க லேப்ல தினமும் நூறு பேரு ரத்தம் குடுக்க நிக்கிறாங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கறதில்ல" என்றான் அவள் கணவன் ஜெபசிங், ராத்திரிச் சாப்பாட்டின்போது. "நீயும் ஒரு ஊசி எடுத்துக்கினு போ."

"சிரிப்பு வரல எனக்கு."

"எனக்கும்தான் வரல. நீ பேசினா தவளை பேசற மாதிரி கீது."

கடைசியில் அவள் பிடித்துக்கொண்டது பயிற்சியில் சொன்ன வழி எதையும் அல்ல. அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றிலும் உள்ள பழைய வழியையே பிடித்துக்கொண்டாள். வகுப்பு லீடர், பேசினவர்கள் பெயரை எழுதிவைப்பது. லீடர் மஞ்சு. தெலுங்குக்காரப் பெண், முதல் ரேங்க், அச்சடித்தது போன்ற கையெழுத்து. ஆனால் பட்டியலில் பெயர் வந்த ஒவ்வொருவரும் எழுந்து நின்று, நான் பேசவில்லை, அவன்தான் என்னிடம் பேசினான் என்றார்கள். அந்த வழக்கைத் தீர்ப்பதற்குள் பாதி பீரியட் போனது. எனவே கேசியா ஒரு திருத்தம் செய்தாள். பேசினது யார், யாரோடு. இரண்டு பத்தி. யாரும் தப்பிக்க முடியாது. தினமும் பீரியட் முடிவில் மஞ்சு நீளக் காகிதத்தில் தெலுங்கு எழுத்தில் அழகாக எழுதிக் கொடுப்பாள். முதல் பத்தியில் பெயர் வந்தவர்கள் ‘ஐ வில் நாட் டாக் இன் தி கிளாஸ்’ என்று ஐம்பது தடவை எழுத வேண்டும். இந்தத் திருத்தத்தைப் பற்றி கேசியாவுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

முதல் பத்தியில் நாள் தவறாமல் வந்த பெயர் யாமினி.

ஜன்னலோரம், கடைசிக்கு முந்தின பெஞ்ச். மடித்துக் கட்டிய ரெட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன். குரல் உயராது. ஆனால் உதடு ஓயாது. புத்தகத்தைப் பார்த்தபடியே, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு எதையோ சொல்வாள். சொன்னது பின்பெஞ்சுக்குப் போகும், பக்கத்து வரிசைக்குப் போகும், மூன்று பெஞ்சைச் சுற்றி முணுமுணுப்பாகப் பரவி அடங்கும். அடங்குவதற்குள் அவள் அடுத்ததை ஆரம்பித்திருப்பாள். அந்த மூலையிலிருந்து கிளம்பும் இரைச்சல்தான் மெல்ல மெல்ல வகுப்பு முழுவதையும் பிடித்துக்கொள்கிறது என்று கேசியா முடிவு செய்திருந்தாள்.

ஃபேன் சத்தத்தில் வார்த்தைகள் பிடிபடாவிட்டாலும், அது தமிழ் என்பது அவள் காதில் விழாமல் இல்லை. விழுந்ததால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

கேசியா சித்தூரில் பிறந்தவள். அவள் அப்பா கிருபானந்தம் அங்கே பழைய மிஷன் சபையில் முப்பது வருஷம் கணக்குப் பிள்ளையாக இருந்தவர். வீட்டில் தமிழ், ஆராதனையில் தமிழ், இப்போதும் திருப்பதியில் ஞாயிற்றுக்கிழமை பாடுவது தமிழ்ப் பாட்டுகளைத்தான். ஆனால் சித்தூருக்குப் பக்கத்தில் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த பள்ளியில், இங்கிலீஷ் பாடத்தில் ஒரு வார்த்தையைத் தமிழில் விளக்கினாள் என்று ஒரு தகப்பன் புகார் எழுதிக் கொடுத்தான். "சம்பளம் ஆந்திராவுது, பாடம் தமிழ்நாட்டுதா?" என்று அன்றைய தலைமை ஆசிரியர் எல்லோர் முன்னாலும் கேட்டார். அப்போது அவளுக்கு இருபத்துநான்கு வயது. அதற்குப் பிறகு இந்தப் பத்து வருஷத்தில் பள்ளிக்கூட வாசலுக்கு உள்ளே அவள் ஒரு தமிழ் வார்த்தைகூடப் பேசியதில்லை. இந்தப் பள்ளியில் அவள் தமிழ்க்காரி என்றே யாருக்கும் தெரியாது. பேர் கேசியா, தெலுங்கு கிறிஸ்தவர்களிலும் அந்தப் பேர் உண்டு.

ஒருநாள் யாமினியை மேஜைக்குப் பக்கத்தில் நிற்கவைத்துத் தெலுங்கில் கேட்டாள்.

"தினமும் என்ன பேச்சு உனக்கு?"

யாமினி தரையைப் பார்த்தாள்.

"இங்கிலீஷ் பீரியட்ல இங்கிலீஷ் தவிர வேற பாஷை பேசக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க மேடம்."

"பின்னே?"

"சாரி மேடம்."

ஐம்பது தடவை எழுதி மறுநாள் காலையில் கொண்டுவந்து வைத்தாள். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. அதன் பிறகும் அவள் உதடு ஓயவில்லை.

மண்டலக் கல்வி அதிகாரி அடுத்த வாரம் வருகிறார் என்று தகவல் வந்தது. சுரேஷ்பாபு கேசியாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

"மேடம், அவர் கிளாஸ் வாசல்ல நின்னு கேப்பார். கேட்டதை எழுதிட்டுப் போயிடுவார். போன வருஷம் கணக்கு டீச்சருக்கு மெமோ வந்தது ஞாபகம் இருக்கில்ல? யார் அந்த மூலையில? பேரண்ட்ஸைக் கூப்பிடுங்க. ஒருத்தரைக் கூப்பிட்டா மீதி அம்பது பேர் அடங்கிடுவாங்க."

யாமினியின் தகப்பன் நாகேந்திரன் மறுநாளே வந்தான். ஆலங்குட்டையிலிருந்து, நாலு கிலோமீட்டர், சைக்கிளில். கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை, காலில் கரும்புக் கொல்லையின் சேறு. தலைமை ஆசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றான். நாற்காலி காட்டியும் உட்காரவில்லை. ஆலங்குட்டை முழுக்கத் தமிழ் விவசாயக் குடும்பங்கள். மாங்காய் மண்டியில் பேரம் பேசுவதற்கு ஆகும் தெலுங்குதான் அவனிடம் இருந்தது. அந்தத் தெலுங்கை இங்கே கொண்டுவந்து பேச அவனுக்குக் கூச்சமாக இருந்தது தெரிந்தது.

கேசியா தெலுங்கில் விவரம் சொன்னாள். உங்கள் பெண் படிப்பில் மோசமில்லை, ஆனால் பேச்சு அதிகம், தானும் கெட்டு மற்றவர்களையும் கெடுக்கிறாள், வீட்டில் கண்டித்து வையுங்கள். சொல்லிவிட்டு, ஆதாரம் காட்டுவதுபோல், அந்த வாரத்துப் பட்டியலை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். மஞ்சுவின் அழகான எழுத்து. இடப்பக்கம் யாமினி, யாமினி, யாமினி என்று வரிசையாக. வலப்பக்கம் அவள் பேசின ஒவ்வொருவரின் பெயரும்.

நாகேந்திரன் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கினான். ஒரு தடவை பார்த்தான். தலைகீழாக இருக்கிறதோ என்று சந்தேகப்பட்டவன்போல் திருப்பிப் பார்த்தான். பிறகு யாருக்கும் இல்லாமல், தனக்குத்தானே, தமிழில் மெல்லச் சொன்னான்.

"இன்னா எழுதிக்கீதுன்னு தெரியலயே."

கேசியாவுக்குக் கேட்டது. சுரேஷ்பாபு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாய் திறக்கப் போய், நின்றது. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருக்கலாம்.

"வீட்ல யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்க" என்றாள், தெலுங்கில்.

"சரேலண்டி" என்று அவன் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இரண்டு பேருக்கும் கும்பிடு போட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே வெளியே போனான்.

மறுநாள் யாமினி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. இரண்டு நாளிலேயே அந்த மூலை அமைதியானது. சுரேஷ்பாபு சொன்னதுபோல் மற்ற மூலைகளும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கின. ஒருத்தியின் நைனாவைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்ற செய்தி பரவியிருந்தது. தகர ஃபேனின் சத்தம் தனியாகக் கேட்டது. கேசியா ஃபிளாஸ்க்கைத் திறக்காமலேயே ஒரு பீரியடை முடித்தாள். வெட்கமாக இருந்தாலும் உண்மை இதுதான்: அன்றைக்கு பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

அதிகாரி வந்தார். வாசலில் நின்று கேட்டார். உள்ளே வந்து, இரண்டு நோட்டைப் புரட்டி, "டிசிப்ளின் பாகுந்தி" என்று பாராட்டிப் பதிவேட்டில் எழுதினார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. சுரேஷ்பாபு அன்றைக்கு டீயோடு பிஸ்கட்டும் தருவித்தார்.

செப்டம்பர் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தபோதுதான் கேசியாவுக்கு முதலில் ஏதோ உறுத்தியது. ஒரு தாளில், கேள்விக்குப் பதில் எழுத வேண்டிய இடத்தில் கேள்வியையே எழுதியிருந்தது. எல்லாக் கேள்விக்கும் அப்படியே, எழுத்து மாறாமல். பேர்: ஹேமநாத். அடுத்ததும் அப்படி. பதினொரு தாள்கள் அப்படி வந்தன. ஜூலையில் வைத்த சின்னப் பரீட்சையின் மதிப்பெண்ணை எடுத்துப் பார்த்தாள். இதே பதினொரு பேர் இருபதுக்குப் பத்து, பன்னிரண்டு என்று வாங்கியிருந்தார்கள். ஒருவன் பதினைந்து.

பதினொரு பேரும் ஆலங்குட்டைத் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவர்கள். அந்தப் பள்ளி ஐந்தாவதோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு இங்கேதான் வர வேண்டும். இங்கே மற்றப் பாடப் புத்தகங்களில் ஒரு பக்கம் இங்கிலீஷ், எதிர்ப்பக்கம் தெலுங்கு. தெலுங்குப் பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு பக்கம் புரியும். இவர்களுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். அவளே, இங்கிலீஷ் பாடத்தில் கடினமான வார்த்தை வந்தால் தெலுங்கில் அர்த்தம் சொல்வாள்.

மஞ்சுவைக் கூப்பிட்டு, பழைய பட்டியல்கள் இருக்கிறதா என்று கேட்டாள். மஞ்சு எதையும் தூக்கிப் போடுகிறவள் அல்ல. ஒரு பிளாஸ்டிக் கவரில் நகல்களைத் தேதி வரிசையாக வைத்திருந்தாள். கேசியா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். யாமினி, ஹேமநாத்தோடு. யாமினி, டில்லிபாபுவோடு. யாமினி, ஹரிதாவோடு. யாமினி, முனிகிருஷ்ணனோடு. யாமினிக்கு நேரே இருந்த வலப்பக்கத்துப் பேர்களும் விடைத்தாள்களின் பேர்களும் ஒன்றாகவே இருந்தன. பதினொன்று, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"இவங்களோட என்ன பேசுவா?"

"பாடம்தான் மேடம்" என்றாள் மஞ்சு. இது தெரியாதா என்பதுபோல் பார்த்தாள். "நீங்க சொல்றதைத் தமிழ்ல சொல்வா. அவ திருப்பதியில பெரியம்மா வீட்ல இருந்து அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. அவளுக்குத் தெலுங்கு, இங்கிலீஷ் எல்லாம் வரும்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"பேசினா எழுதுன்னு சொன்னீங்க மேடம்." மஞ்சுவின் முகம் அழுவதுபோல் ஆனது. "என்ன பேசினாங்கன்னு எழுதச் சொல்லலயே."

சனிக்கிழமை கேசியா ஆலங்குட்டைக்குப் போனாள். ஷேர் ஆட்டோ பால் சொசைட்டிக்கு முன்னால் இறக்கிவிட்டது. சொசைட்டிக்காரர் சிரஞ்சீவி வாசலில் கேன்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நாகேந்திரன் வீடு எது என்று கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

"ஸ்கூல் மேடமா?"

"ஆமா."

"அந்தக் காயிதம் நீங்க குடுத்ததா?" என்றார். குரலில் குத்தல் இல்லை. விஷயம் தெரிந்துகொள்ளும் ஆவல்தான். "காலைல எல்லாரும் பால் ஊத்திக்கினு இருக்கும்போது கொணாந்து குடுத்தான். அண்ணா, தெலுங்குல கீது, இன்னான்னு படின்னான். இந்த ஊர்ல பெரியவங்கள்ல தெலுங்கு படிக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன். நான் இன்னாத்தக் கண்டேன்? இருக்கறத இருக்கற மாதிரி படிச்சேன். யாமினி, ஹேமநாத்து. யாமினி, டில்லிபாபு. யாமினி, முனிகிருஷ்ணன். எல்லாம் பையன் பேரா வருது. பின்னால நின்ன ஒருத்தன், 'மாமா, உன் பொண்ணுக்குப் பத்திரிகை அடிக்க ஒரு மாப்ள பேரு பத்தாது போலக்கீதே'ன்னு சொல்லிட்டான். எல்லாரும் சிரிச்சிட்டாங்க." கேனைத் தட்டிக் கவிழ்த்தார். "நாகேந்திரன் அன்னிக்குப் பால் ஊத்தல. கேனைத் தூக்கிக்கினு அப்படியே போய்ட்டான். இப்ப அவன் பொண்டாட்டிதான் வருது."

"அதில பொண்ணுங்க பேரும் இருந்ததே" என்றாள் கேசியா.

"இருந்தது மேடம். அங்க வர்றதுக்குள்ள அவன் காயிதத்தப் புடுங்கிக்கினான்."

வீடு பம்புசெட்டைத் தாண்டி இருந்தது. தாட்சாயணி, யாமினியின் அம்மா, வாசலில் மாட்டுக்குத் தீவனம் கலக்கிக்கொண்டிருந்தாள். கையை உதறிக்கொண்டு எழுந்து உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். நாகேந்திரன் பனியனோடு வந்து, கேசியாவைப் பார்த்ததும் உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தான்.

"ரண்டி மேடம்" என்று தெலுங்கில் வரவேற்றான். "கூர்ச்சோண்டி" என்று திண்ணையைக் காட்டினான்.

"தமிழ்லயே பேசுங்க" என்றாள் கேசியா. "யாமினி எங்க?"

நாகேந்திரன் அவளைப் பார்த்தான், தாட்சாயணியைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான்.

"மேடம் நீங்க தமிழா?"

"ஆமா."

"அன்னிக்கும் தமிழா?"

அது என்ன கேள்வி என்று யாரும் சிரிக்கவில்லை. கேசியா தலையை ஆட்டினாள்.

"அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா" என்றான் நாகேந்திரன், "இதுல இன்னா எழுதிக்கீதுன்னு உங்களையே கேட்டுருப்பேனே மேடம்."

அவன் குரலை உயர்த்தவில்லை.

யாமினி பள்ளிப்பட்டில் இருந்தாள், எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், அவள் அத்தை வீட்டில். அத்தைக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகிறது, ஆள் இல்லை, அதனால் அனுப்பினோம் என்றாள் தாட்சாயணி. அடுத்த வருஷம் அங்கேயே தமிழ்ப் பள்ளியில் சேர்த்துவிடுவார்கள் என்றும் சொன்னாள். சொல்லும்போது புருஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அடுத்த வருஷம் என்றால் என்ன என்று கேசியாவுக்குத் தெரியும். வருகைப் பதிவேட்டில் அப்படி எத்தனையோ பேருக்குச் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறாள்.

"அந்தக் காகிதம் இருக்குதா?" என்று கேட்டாள்.

நாகேந்திரன் காலண்டருக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தான். நாலாக மடித்தது, பிறகு கசக்கியது, பிறகு யாரோ நீவி வைத்தது. கேசியா திண்ணையில் உட்கார்ந்து அதைத் தமிழில் படித்தாள். யாமினி, ஹேமநாத்தோடு. அன்னிக்கு நான் ஒரு பாட்டு நடத்தினேன், அவனுக்குப் புரியல, உங்க பொண்ணு சொல்லிக் குடுத்தா. யாமினி, டில்லிபாபுவோடு. அதே பாட்டு, அடுத்த நாலு வரி. யாமினி, முனிகிருஷ்ணனோடு. யாமினி, ஹரிதாவோடு. ஒவ்வொரு வரியாகப் படித்து, அதன் கீழே எழுதாமல் விட்டதையும் சேர்த்துப் படித்தாள். கடைசிப் பேர் வரைக்கும் நிறுத்தவில்லை. முடித்தபோது தாட்சாயணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் பண்ற வேலைய அவ பண்ணிக்கினு இருந்தா. அதுக்கு நான் தண்டனை குடுத்தேன்" என்றாள் கேசியா. "அவள அனுப்புங்க. நாளைக்குக் காலைல சொசைட்டிக்கு வந்து, எல்லாரும் இருக்கும்போது நானே இதைப் படிக்கிறேன்."

நாகேந்திரன் காகிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டான்.

"வேணாம் மேடம். இப்பத்தான் கொஞ்சம் மறந்துக்கினு வராங்க. நீங்க வந்து படிச்சா மறுபடியும் ஆரம்பிக்கும். நீங்க படிச்சிட்டு பஸ் ஏறிடுவீங்க." சற்று நேரம் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நல்ல பொண்ணுன்னு எனக்கும் தெரியும். அன்னிக்கு ராத்திரி கேட்டேன், எதுக்குடி பேசினன்னு. பாடம் சொன்னேன் நைனான்னா. நான் நம்பல. டீச்சர் கையால குடுத்த காயிதமாச்சே. அதத் தள்ளிட்டு எப்படி நம்பறது?"

தாட்சாயணி யாரும் சொல்லாமலேயே போனை எடுத்துப் பள்ளிப்பட்டுக்குப் போட்டாள். அந்தப் பக்கம் குழந்தை அழும் சத்தம் கேட்டது. "டீச்சர் பேசறாங்கடி" என்று சொல்லி போனைக் கேசியாவிடம் நீட்டினாள்.

"யாமினி?" என்றாள் கேசியா.

ஐம்பது தடவை எழுதிப் பழகிய வேகத்தில், ஒரே மூச்சில் குரல் வந்தது.

"சாரி மேடம். ஐ வில் நாட் டாக் இன் தி கிளாஸ் மேடம்."

"இல்லம்மா. நீ பேசலாம். நீ வந்து பேசு. கேக்குதா?"

யாமினிக்கு மேடம் தமிழில் பேசுவது புரிய ஒரு நொடி ஆனது போலிருந்தது. "எந்த லெசன் நடக்குது மேடம்?" என்று மெதுவாகக் கேட்டாள். கேசியா சொன்னாள். "அது ஹேமநாத்துக்குக் கஷ்டமா இருக்கும் மேடம். அதுல ஆத்தப் பத்தி வர்ற எடத்த ரெண்டு வாட்டி சொல்லணும்" என்றாள். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். குழந்தையின் அழுகை பக்கத்தில் வந்தது. போன் நின்றது.

நாகேந்திரன் ரோடு வரைக்கும் கூட வந்து ஆட்டோ ஏற்றிவிட்டான். தசராவுக்கு யாமினியைக் கூட்டி வந்தால் பார்க்கலாம் என்றான். பார்க்கலாம் என்று அவன் சொன்ன விதத்தில் அது நடக்காது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. அப்படியும் கேசியா தலையாட்டினாள்.

திங்கட்கிழமை மூன்றாம் பீரியட். கேசியா உள்ளே நுழைந்தபோது ஐம்பத்தேழு பேரும் எழுந்து நின்று உட்கார்ந்தார்கள். மஞ்சு நீளக் காகிதத்தில் கோடு போட்டு, இரண்டு பத்தி பிரித்து, தயாராக வைத்திருந்தாள். கேசியா அதை வாங்கி மேஜை டிராயரில் போட்டாள்.

"இனிமே பேர் எழுத வேணாம்" என்றாள்.

பாடத்தில் அந்த ஆற்றைப் பற்றி வரும் இடம் வந்தது. இங்கிலீஷில் படித்தாள். தெலுங்கில் சொன்னாள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, ஜன்னலோர பெஞ்சுகளைப் பார்த்து, பத்து வருஷத்தில் முதல்முறையாக, ஒரு வகுப்பறைக்குள் தமிழில் அதையே சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஹேமநாத் வாயைத் திறந்து மூடினான்.

"புரிஞ்சுதா? புரியலன்னா பக்கத்துல கேளுங்க. புரிஞ்சவங்க புரியாதவங்களுக்குச் சொல்லுங்க. பேசலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பேசுங்க."

யாரும் பேசவில்லை. ஹேமநாத் மஞ்சுவைப் பார்த்தான், அவள் கையில் பேனா இருக்கிறதா என்று. மஞ்சு பேனாவை மூடி பெட்டிக்குள் வைத்தாள். அப்போதும் யாரும் பேசவில்லை. ஜன்னலோரம், கடைசிக்கு முந்தின பெஞ்சில், ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு இரண்டு பக்கமும் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்கள். கேசியா வாயை மூடிக்கொண்டு நின்று காத்திருந்தாள். தலைக்கு மேலே ஃபேன் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

சுரேஷ்பாபு வராண்டாவில் போய்க்கொண்டிருந்தவர் ஜன்னலருகே நின்றார். உள்ளே பார்த்தார். திருப்தியாகத் தலையை அசைத்துவிட்டு, சத்தம் வராமல் நடந்து போனார்.